கஸ்டம்ஸ்காரங்க நிறுத்துனா என்ன பண்ணணும்? சோதனை, சீஸ், கைது - முழு வழிகாட்டி

சுங்கம்னு சொன்னா நம்மள்ல பாதி பேருக்கு ஹைவேஸ்ல இருக்கற சுங்கச்சாவடி தான் ஞாபகம் வரும். அது வேற, நான் சொல்றது ஏர்போர்ட்லயும் துறைமுகத்துலயும் வெள்ளை யூனிஃபார்ம்ல நிக்கறவங்க. நான் வக்கீல் இல்ல, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல கொஞ்ச வருஷம் ஃபைல் தூக்கினவன், அங்க பார்த்ததுல ஒண்ணு நல்லா புரிஞ்சுது: மாட்டிக்கிட்டவங்கள்ல நிறைய பேர் பொருளால கெட்டதை விட படிக்காம போட்ட கையெழுத்தால தான் அதிகம் கெட்டாங்க. அதனால இந்த வழிகாட்டியில சட்டம் பாதி, பேப்பர் பாதி.

எல்லாத்துக்கும் அடிப்படை 1962ம் வருஷ கஸ்டம்ஸ் ஆக்ட். அதுல 13வது அத்தியாயம், செக்ஷன் 100ல இருந்து 110ஏ வரைக்கும் சோதனை, சீஸ் (பொருளை கைப்பற்றறது), கைது எல்லாம் இருக்கு. இந்த அத்தியாயத்துல திரும்ப திரும்ப வர்ற ஒரு வார்த்தை "நம்புறதுக்கு காரணம்". அதாவது "சும்மா டவுட்டா இருந்துச்சு சார்"னு சொன்னா பத்தாது, ஏன் நம்புனோம்னு பின்னாடி கோர்ட்ல கேட்டா அவங்க காட்டணும். இதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல: பேக்கை திறக்கறது வேற, உடம்பை சோதிக்கறது வேற

இந்த வித்தியாசம் தெரியாம தான் ஏர்போர்ட்ல பாதி சண்டை வருது. வெளிநாட்டுல இருந்து வந்து இறங்கினா பேக்கேஜ்ல என்ன இருக்குன்னு டிக்ளேர் பண்ண வேண்டியது உங்க கடமை (செக்ஷன் 77), அதை பரிசோதிக்கறது அவங்க வழக்கமான வேலை. அதனால "என் பேக்கை ஏன் திறக்கறீங்க, வாரன்ட் இருக்கா"ன்னு கேட்டா சிரிச்சுட்டு திறந்துடுவாங்க. கிரீன் சேனல்ல நடந்தாலே "என்கிட்ட டூட்டி (சுங்க வரி) கட்ட வேண்டியது எதுவும் இல்ல"ன்னு நீங்களே சொன்ன மாதிரி கணக்கு. சந்தேகமா இருந்தா டிக்ளேர் பண்றவங்க போற ரெட் சேனலுக்கு போங்க, அரை மணி நேரம் போகும், அவ்வளவு தான்.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்கு தெரியாது. பொருளை ஒழுங்கா டிக்ளேர் பண்ணிட்டீங்க, ஆனா டூட்டி கட்ட இஷ்டம் இல்ல இல்லனா அது கொண்டு வரக்கூடாத பொருள்னு சொல்லிட்டாங்கன்னா, செக்ஷன் 80 படி அதை அங்கயே வெச்சுட்டு திரும்ப வெளிநாடு போறப்ப வாங்கிக்கறேன்னு கேக்கலாம். ஆனா உண்மையா டிக்ளேர் பண்ணினவங்களுக்கு மட்டும் தான் இது. கிரீன் சேனல்ல மாட்டினதுக்கு அப்புறம் "சரி வெச்சுக்கோங்க, போகும்போது வாங்கிக்கறேன்"னு சொல்றது வேலைக்கு ஆகாது.

உடம்பு சோதனைக்கு வருவோம். செக்ஷன் 100 படி கப்பல், விமானம், எல்லை வாகனம்னு உள்ள வர்றவங்க, வெளிய போறவங்க, கஸ்டம்ஸ் ஏரியாவுக்குள்ள இருக்கறவங்க, இவங்கள்ல யாராவது பறிமுதலுக்குரிய பொருளையோ சம்பந்தப்பட்ட ஆவணத்தையோ உடம்புல மறைச்சிருக்காங்கன்னு நம்ப காரணம் இருந்தா சோதிக்கலாம். ஏர்போர்ட்டை விட்டு வெளிய வந்துட்டா தப்பிச்சாச்சுன்னு நினைக்காதீங்க, செக்ஷன் 101 அதுக்கு தான் இருக்கு: தங்கம், வைரம், அதுல செஞ்ச பொருள், வாட்ச், அப்புறம் அரசு தனியா அறிவிச்ச பொருள், இதுங்களுக்கு மட்டும் கமிஷனர் அதிகாரம் கொடுத்த ஆபீசர் நாட்டுல எங்க வேணாலும் சோதனை போடலாம். பஸ்ல, ரயில்ல குருவிங்களை (கூலிக்கு கடத்தல் பொருள் தூக்கறவங்களை) மடக்கறாங்கன்னு நியூஸ் பார்ப்பீங்கல்ல, அங்க இந்த செக்ஷன் தான் பேசும்.

சோதனைக்கு முன்னாடி நீங்க கேட்க வேண்டியது

செக்ஷன் 102 தான் உங்களுக்கான செக்ஷன். "என்னை கெசட்டட் ஆபீசர் இல்லனா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கூட்டிட்டு போங்க"ன்னு நீங்க கேட்டா தேவையில்லாத தாமதம் இல்லாம கூட்டிட்டு போயே ஆகணும், போற வரைக்கும் உங்களை நிறுத்தி வெச்சிருக்கலாம். அந்த ஆபீசர் பார்த்துட்டு நியாயமான காரணம் இல்லன்னு தோணினா உங்களை விட்டுடணும், இல்லனா சோதனை போட சொல்வாரு. நடைமுறையில ஏர்போர்ட்ல சூப்பரின்டென்டென்ட்டே கெசட்டட் ரேங்க் தான், இன்ஸ்பெக்டர் அப்படி இல்ல, அதனால பக்கத்து ரூம்ல இருந்தே ஒருத்தர் வந்துடுவாரு, பெரிய பாதுகாப்புன்னு நினைச்சு ஏமாறாதீங்க. ஆனாலும் கேளுங்க, கேட்டதை மஹஜர்ல (சோதனையில நடந்ததை சாட்சிங்க முன்னாடி எழுதற பேப்பர்) எழுத சொல்லுங்க. கேட்டா தான் அந்த உரிமை உயிரோட இருக்கும்.

ரெண்டு சாட்சியாவது கூட இருக்கணும், எடுத்த பொருள் எல்லாத்துக்கும் லிஸ்ட் போட்டு சாட்சிங்க கையெழுத்து வாங்கணும். பொம்பளைங்களை பெண் ஆபீசர் மட்டும் தான் சோதிக்கலாம், இதுக்கு விதிவிலக்கே கிடையாது, பெண் ஆபீசர் இல்லனா வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியது அவங்க பிரச்சனை.

வயித்துக்குள்ள வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்பட்டா

தங்கத்தை பேஸ்ட் ஆக்கி, கேப்சூல் ஆக்கி மலக்குடல்ல வெச்சு கொண்டு வர்றது இப்ப சாதாரணமா நியூஸ்ல வருது, அதனால செக்ஷன் 103ஐ கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். அசிஸ்டென்ட் கமிஷனர் இல்லனா டெபுடி கமிஷனர் முன் அனுமதியோட அங்க இருக்கற மெஷின்ல ஸ்கேன் பண்ணலாம், ஆனா உங்க சம்மதம் உட்பட மத்த சட்டத்துல இருக்கற உரிமைங்க எதையும் அது பாதிக்கக்கூடாதுன்னு செக்ஷன்லயே எழுதியிருக்கு. இல்லனா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போகணும், அவர் உத்தரவு போட்டா தான் ரேடியாலஜிஸ்ட் எக்ஸ்ரே எடுக்கலாம். ரிப்போர்ட்ல இருக்குன்னு வந்து மாஜிஸ்ட்ரேட்டும் திருப்தி ஆனா, பதிவு பெற்ற டாக்டர் மேற்பார்வையில தான் வெளிய எடுக்கணும், பெண்ணா இருந்தா பெண் டாக்டர்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. "ஆமா, உள்ள இருக்கு, நானே எடுத்து தர்றேன்"னு ஒருத்தர் ஒத்துக்கிட்டா இந்த நடைமுறை எதுவும் வேண்டியதில்லன்னு அதே செக்ஷன் சொல்லுது. அதனால மஹஜர்ல "தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்"னு ஒரு வரி வர வாய்ப்பு அதிகம். நீங்க அப்படி முன்வரலைன்னா அந்த வரி இருக்கற பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, போட்டே ஆகணும்ங்கற நிலைமைன்னா கையெழுத்து பக்கத்துலயே என்ன நடந்துச்சோ அதை உங்க கையால எழுதுங்க.

வீட்டுக்கோ குடோனுக்கோ வந்தா

செக்ஷன் 105. அசிஸ்டென்ட் கமிஷனர் இல்லனா டெபுடி கமிஷனர் நேர்ல வரலாம், இல்லனா யாரையாவது எழுத்துல அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். கோர்ட் வாரன்ட் வேண்டியதில்ல, "வாரன்ட் எங்க"ன்னு சினிமா பார்த்துட்டு கேக்காதீங்க, "ஆதரைசேஷன் காட்டுங்க"ன்னு கேளுங்க. பேர், அட்ரஸ் சரியா இருக்கா, யார் கையெழுத்து, தேதி என்ன, எல்லாம் பாருங்க. 2019 நவம்பர்ல இருந்து இந்த மாதிரி ஆவணங்கள்ல டின் நம்பர் (ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியா இருக்கற அடையாள எண்) போடற நடைமுறை வந்துச்சு, அதை கஸ்டம்ஸுக்கு மேல இருக்கற மத்திய வாரியமான சிபிஐசி வெப்சைட்ல அடிச்சு உண்மையான ஆவணமான்னு சரிபார்க்கலாம். ஆபீசர்ங்க ஐடி கார்டை கேட்டு பார்க்கறது மரியாதைக்குறைவு இல்ல.

குற்றவியல் நடைமுறை சட்டத்துல (இப்ப பிஎன்எஸ்எஸ்) சோதனைக்கு இருக்கற விதிங்க இதுக்கும் பொருந்தும். அக்கம்பக்கத்துல இருக்கற சம்பந்தமில்லாத ரெண்டு பேர் சாட்சி, வீட்டுக்காரர் கூடவே இருந்து பார்க்கலாம், எடுத்துட்டு போறதுக்கு லிஸ்ட், அந்த லிஸ்டோட காப்பி உங்க கையில. காப்பி வாங்காம கதவை சாத்தாதீங்க. ஹார்ட்டிஸ்க், போன், லேப்டாப் எடுத்தா மாடல், சீரியல் நம்பர், ஐஎம்இஐ எழுதியிருக்கான்னு பாருங்க, "ஒரு கருப்பு கலர் போன்"னு எழுதினா ஒத்துக்காதீங்க. எடுத்த ஆவணங்களை ஆபீசர் முன்னாடி காப்பி எடுத்துக்க செக்ஷன் 110(4)ல உரிமை இருக்கு, பிசினஸ் பண்றவங்க இதை மறந்துட்டு பில் புக் இல்லாம ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட முடியாம திண்டாடுவாங்க.

வண்டி, படகு விஷயம் சுருக்கமா: செக்ஷன் 106ல நிறுத்தி சோதிக்கலாம், பூட்டை உடைக்கலாம், எல்லா வழியும் பார்த்தும் நிக்கலைன்னா சுடற அளவுக்கு சட்டம் இடம் கொடுக்குது. கை காட்டினா நிறுத்திடுங்க, வேற அட்வைஸ் இல்ல.

சீஸ் பண்ணிட்டாங்க, இப்ப என்ன

பேப்பர்ல "தங்கம் பறிமுதல்"னு போடறாங்கல்ல, அது பெரும்பாலும் தப்பு. ஏர்போர்ட்ல நடக்கறது சீஸ், அதாவது கைப்பற்றி வெச்சுக்கறது. பறிமுதல்ங்கறது நோட்டீஸ் கொடுத்து, உங்க பதிலை கேட்டு, அதுக்கு அப்புறம் ஆர்டர் போட்டு அரசு சொத்தாக்கறது. முதல் கட்டத்துல இருக்கறப்பவே "போச்சுடா"ன்னு விட்டுட்டு போறவங்க நிறைய பேர்.

செக்ஷன் 110 படி, பறிமுதலுக்குரிய பொருள்னு நம்ப காரணம் இருந்தா சீஸ் பண்ணலாம். அன்னிக்கே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். ஆறு மாசத்துக்குள்ள செக்ஷன் 124ல ஷோ காஸ் நோட்டீஸ் (ஏன் பறிமுதல் பண்ணக்கூடாதுன்னு விளக்கம் கேக்கற நோட்டீஸ்) கொடுக்கலைன்னா பொருளை யார்கிட்ட இருந்து எடுத்தாங்களோ அவங்ககிட்ட திருப்பி கொடுத்தாகணும். கமிஷனர் காரணம் எழுதி இன்னும் ஆறு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா முதல் ஆறு மாசம் முடியறதுக்குள்ள உங்களுக்கு சொல்லணும். அதனால சீஸ் பண்ண தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வையுங்க. நாள் தாண்டிடுச்சா, எழுத்துல கேளுங்க, கொடுக்கலைன்னா ஐகோர்ட்ல ரிட். பொருள் திரும்ப வந்துட்டா கேஸே முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, பெனால்டி நடவடிக்கை தனியா ஓடலாம்.

இங்க ஒரு பொறி இருக்கு. செக்ஷன் 110ஏல பாண்டும் செக்யூரிட்டியும் கொடுத்து தற்காலிகமா பொருளை வாங்கிக்கலாம், ஆனா அந்த ஆர்டர் வந்துட்டா ஆறு மாச கணக்கு பொருந்தாது. துறைமுகத்துல நிக்கற கன்டெய்னர்னா டெமரேஜ் (சரக்கு எடுக்காம நிக்கறதுக்கான வாடகை) ஏறிக்கிட்டே போகும், அவங்களுக்கு இது தான் வழி. அவசரம் இல்லாத பொருள்னா யோசிச்சுட்டு அப்ளை பண்ணுங்க. 2019ல இருந்து பேங்க் அக்கவுன்டையும் கமிஷனர் அனுமதியோட ஆறு மாசத்துக்கு முடக்கலாம்னு 110(5) வந்திருக்கு, இதையும் நீட்டிக்க முடியும்.

இப்ப முக்கியமான கையெழுத்து விஷயம். ஏர்போர்ட்ல டிடென்ஷன் ரசீது கொடுக்கறப்ப கூடவே ஒரு அச்சடிச்ச ஃபார்ம் நீட்டுவாங்க, "எனக்கு ஷோ காஸ் நோட்டீஸ் வேண்டாம், நேரடி விசாரணை வேண்டாம்"னு. ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கி, வெளிய சொந்தக்காரங்க காத்துக்கிட்டு இருக்க, எவன் அதை படிப்பான், போட்டுட்டு வந்துடறோம். வாய்மொழி நோட்டீஸுக்கு செக்ஷன் 124ல இடம் இருக்கு, ஆனா அது நீங்களா கேட்டா தான். டெல்லி ஐகோர்ட் 2025ல இந்த மாதிரி அச்சடிச்ச ஃபார்ம்ல வாங்கற விட்டுக்கொடுத்தல் செல்லாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு. இருந்தாலும் கையெழுத்து போட்டுட்டு ஐகோர்ட் வரைக்கும் போறதை விட போடாம இருக்கறது சீப். "எழுத்துல நோட்டீஸ் வேணும்"னு அதே ஃபார்ம்ல எழுதி கொடுங்க.

தங்கம்னா இன்னொரு தலைவலி, செக்ஷன் 123. இது கடத்தல் தங்கம்ங்கற நம்பிக்கையில எடுத்துட்டாங்கன்னா, கடத்தல் இல்லன்னு நிரூபிக்க வேண்டிய பாரம் உங்க தலையில. அதனால வெளிநாட்டுக்கு போட்டுட்டு போற நகைக்கு போறதுக்கு முன்னாடியே கடை பில்லை போன்ல வெச்சுக்கோங்க, போட்டோ எடுத்துக்கோங்க, பெரிய நகைன்னா போறப்பவே கஸ்டம்ஸ் கவுன்டர்ல எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கோங்க.

சம்மன் வந்தா

செக்ஷன் 108 சம்மனை லேசா எடுத்துக்காதீங்க. கெசட்டட் ஆபீசர் தான் அனுப்ப முடியும், போய் தான் ஆகணும், உண்மை தான் பேசணும், பொய் சொன்னா கோர்ட்ல பொய் சாட்சி சொன்ன மாதிரி குற்றம். போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கற வாக்குமூலத்துக்கும் இதுக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல சாட்சியமா நிக்காது, ஆனா கஸ்டம்ஸ் ஆபீசர் போலீஸ் இல்லன்னு ரமேஷ் சந்திர மேத்தா கேஸ்ல 1968லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால அங்க எழுதி கொடுத்தது உங்களுக்கு எதிரா நிக்கும்.

பதில் எழுதறப்ப தெரியாததை தெரியாதுன்னு எழுதுங்க, உங்களுக்கு புரியற மொழியில எழுதுங்க. தமிழ்ல எழுதறேன்னு சொல்றதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. அவங்க டைப் பண்ணி நீட்டினா ஒவ்வொரு பக்கமும் படிச்சுட்டு தான். வக்கீல் பக்கத்துல உக்காரணும்னு விசாரணைக்கு கூப்பிட்டவங்க உரிமையா கேக்க முடியாதுன்னு பூல்பாண்டி கேஸ்ல 1992ல தீர்ப்பு, ஆனா கண்ணுக்கு தெரியற தூரத்துல, பேச்சு காதுல விழாத தூரத்துல வக்கீல் இருக்கலாம்னு பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டே அனுமதிச்சிருக்கு. மிரட்டி எழுத வாங்கினாங்கன்னா முதல் வாய்ப்புலயே, அதாவது மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தறப்பவே சொல்லுங்க, வெளிய இருந்தா மறுநாளே லெட்டர் அனுப்புங்க. ஆறு மாசம் கழிச்சு "அடிச்சாங்க"ன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

கைது

செக்ஷன் 104. கமிஷனர் அதிகாரம் கொடுத்த ஆபீசர், குறிப்பிட்ட குற்றம் (பெரும்பாலும் செக்ஷன் 135) நடந்திருக்குன்னு நம்ப காரணம் இருந்தா கைது பண்ணலாம். எல்லா கேஸும் ஜெயில் கேஸ் இல்ல. 50 லட்சத்துக்கு மேல டூட்டி ஏமாத்தினது, டிக்ளேர் பண்ணாம கொண்டு வந்த பொருளோட மார்க்கெட் மதிப்பு 1 கோடிக்கு மேல, 50 லட்சத்துக்கு மேல டிராபேக் (ஏற்றுமதி பண்றவங்களுக்கு திருப்பி தர்ற வரி) மோசடி, தனியா அறிவிச்ச தடை பொருள், இப்படி சில வகை தான் ஜாமீன் மறுக்கக்கூடிய குற்றம். மத்தது ஜாமீன்ல விட வேண்டிய குற்றம், கஸ்டம்ஸ் ஆபீசரே ஜாமீன்ல விடலாம். இது போக சிபிஐசி 2022 ஆகஸ்ட்ல போட்ட சர்க்குலர்ல பேக்கேஜ் கேஸ்ல 50 லட்சம், வியாபார மோசடியில 2 கோடின்னு கைதுக்கு வரம்பு வெச்சிருக்கு. கள்ளநோட்டு, ஆயுதம், பழங்கால சிலை, வனவிலங்கு மாதிரி விஷயத்துக்கு இந்த வரம்பு கிடையாது, ஆமை குஞ்சு கொண்டு வந்தவர் "மதிப்பு கம்மி தான் சார்"னு சொல்ல முடியாது.

2025 பிப்ரவரி 27ல ராதிகா அகர்வால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு இந்த விஷயத்துல பெரிசு. போலீஸ் கைதுல இருக்கற பாதுகாப்பெல்லாம் கஸ்டம்ஸ் கைதுக்கும் உண்டு: கைது மெமோ, உறவினருக்கு தகவல், கைதானவர் விசாரணை நடுவுல வக்கீலை சந்திக்கறது. நம்ப என்ன காரணம்ங்கறதை ஆபீசர் பதிவு பண்ணியிருக்கணும். அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு தீர்ப்பு, எந்த குற்றமா இருந்தாலும் கைதுக்கான காரணத்தை கைதானவருக்கு புரியற மொழியில எழுத்துல கொடுக்கணும், உடனே முடியலைன்னா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது கொடுக்கணும்னு. தமிழ் மட்டும் தெரிஞ்சவருக்கு இங்கிலீஷ் பேப்பர் மட்டும் கொடுத்தா அதை வக்கீல்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். ஆனா இந்த 24 மணி நேரம் எப்ப ஆரம்பிக்குது? ஏர்போர்ட்ல மதியம் நிறுத்தி வெச்சு மறுநாள் காலையில "கைது"ன்னு நேரம் போடற பழக்கம் உண்டு. நடமாட்டத்தை தடுத்த நேரத்துல இருந்தே கைது தான்னு பம்பாய் ஐகோர்ட் 1990ல ஒரு கஸ்டம்ஸ் கேஸ்லயே சொல்லியிருக்கு. அதனால எத்தனை மணிக்கு நிறுத்தினாங்கன்னு போர்டிங் பாஸ் பின்னாடியாவது எழுதி வையுங்க, விமானம் இறங்கின நேரம் பிற்பாடு சாட்சியா நிக்கும். ரிமான்ட் ஆனா, 60 நாளுக்குள்ள கஸ்டம்ஸ் கோர்ட்ல கம்ப்ளெய்ன்ட் (போலீஸ் கேஸ்ல குற்றப்பத்திரிகை மாதிரி) ஃபைல் பண்ணலைன்னா ஜாமீன் கேக்கற உரிமை வந்துடும்.

குடும்பத்துக்கு ஒரு வார்த்தை: கேஸ்ல ஜாமீன் கிடைச்சாலும் கோஃபெபோசான்னு 1974ம் வருஷ சட்டம் ஒண்ணு இருக்கு, தொடர்ந்து கடத்தறவர்னு நினைச்சா பொதுவா ஒரு வருஷம் வரைக்கும் முன்தடுப்பு காவல்ல வைக்கலாம். முதல் தடவை மாட்டின குருவிக்கும் இது வர வாய்ப்பு இருக்கு, அதனால "ஜாமீன் வந்துடுச்சு"ன்னு வக்கீலை விட்டுடாதீங்க.

ஆர்டர் வந்ததுக்கு அப்புறம்

பறிமுதல் ஆர்டர்ல செக்ஷன் 125 படி ரிடெம்ப்ஷன் ஃபைன் கட்டி மீட்டுக்கற வாய்ப்பு கொடுத்திருக்காங்களான்னு முதல்ல பாருங்க. தடை செய்யாத பொருளுக்கு அந்த வாய்ப்பை கொடுத்தே ஆகணும், தடை பொருள்னா ஆபீசர் விருப்பம். அப்பீல் 60 நாளுக்குள்ள கமிஷனர் அப்பீல்ஸ்கிட்ட, தகுந்த காரணம் சொன்னா இன்னும் 30 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட அவரால தர முடியாது. டூட்டியோ பெனால்டியோ போட்டிருந்தா அதுல ஏழரை சதவீதம் முன்பணமா கட்டணும். அடுத்த கட்டத்துல தான் நிறைய பேர் வழி தவறிடறாங்க: சரக்கு கேஸ் செஸ்டாட்ங்கற சுங்க வரி அப்பீல் ட்ரிப்யூனலுக்கு போகும், பயணி பேக்கேஜ் கேஸ் அங்க போகாது, மூணு மாசத்துக்குள்ள மத்திய அரசுக்கு ரிவிஷன் மனு போடணும். தப்பான கதவை தட்டிட்டு நாளை தொலைச்சவங்களை நானே பார்த்திருக்கேன்.

காரணமே இல்லாம சோதிச்ச, கைது பண்ண ஆபீசருக்கும் செக்ஷன் 136ல ஆறு மாசம் வரை ஜெயில், ஆயிரம் ரூபாய் வரை அபராதம் இருக்கு. ஆயிரம் ரூபாய்! 1962ல அது பெரிய தொகையா இருந்திருக்கும்.

போன்ல வர்ற கஸ்டம்ஸ்

"உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, உள்ள போதை பொருள் இருக்கு, வீடியோ கால்ல இருங்க, டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்"னு கால் வந்தா கட் பண்ணுங்க. மேல சொன்ன செக்ஷன் எதுலயும் வீடியோ கால்ல கைது பண்ற அதிகாரம் கிடையாது, டூட்டியை தனிநபர் அக்கவுன்டுக்கோ யுபிஐ நம்பருக்கோ அனுப்ப சொல்ற வழக்கமும் கிடையாது. சம்மன்னு பிடிஎஃப் அனுப்பினா டின் நம்பரை சரிபாருங்க. பணம் போயிடுச்சுன்னா சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு உடனே அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு அந்த பணத்தை நடுவுல நிறுத்த வாய்ப்பு.